லத்வியாக்காரி கட்டிய காப்பு

எங்கள் முதலாளி என்னைப் பட்டறைப் பலகைக்கு லத்விய மொழியில் சொற்கள் எழுதித் தரச் சொன்ன அன்று, லத்வியா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். "தமிழை எவ்வளவு வடிவாக எழுதித் தந்தாய், இதையும் நீயே எழுதிவிடு" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, வழக்கம்போல இடக்கையில் கோப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மொழி எழுதுவதும் செப்புக் கம்பியைக் கொயிலாகச் சுற்றுவது மாதிரி ஒரு கைவேலைதான், ஒன்று வந்தால் மற்றதும் வரும் என்பது அவருடைய நினைப்பு. நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தப் பட்டறையில் யாரும் என் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல்லைக் கேட்டதில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

பட்டறை கனடாவின் மொன்ட்ரியால்-நோரில், டயர் மாற்றும் கடை ஒன்றின் பின்னால் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்களுக்குள் போகும் கொயில்களைச் சுற்றுவது எங்கள் வேலை. இயந்திரம் அச்சைச் சுழற்றும். செப்புக் கம்பி ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில் படுக்கும்படி வலக்கையால் பிடித்து நடத்த வேண்டியது நாங்கள். பிடி இறுகினால் கம்பி அறும். தளர்ந்தால் கொயில் தொளதொளவென்று வந்து குப்பைக்குப் போகும். முதலாளியும் ஒரு காலத்தில் இதே இயந்திரங்களில் இருந்து சுற்றியவர்தான். எல்லோரும் அவரைப் 'பத்ரோன்' என்று கூப்பிடுவோம், அது இங்கே முதலாளிக்குச் சொல்லும் சொல். யன்னலோர இயந்திரம் என்னுடையது. அதில் நான் சுற்றிய கொயிலைப் பரிசோதனை மேசையில் பார்க்காமலே அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

கதவடியில், கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறது. இடது பாதியில் காயங்களின் பெயர்கள்: வெட்டு, எரிகாயம், விரல் நசுங்கியது, கண்ணில் கம்பித் துண்டு பட்டது. வலது பாதியில் வேலைச் சொற்கள்: சுற்று, திருப்பிச் சுற்று, இறுக்கு, தளர்த்து, நிறுத்து. தலைமை அலுவலகம் இவற்றை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தது. நாங்கள் பிரெஞ்சு, ஹெயிட்டிக்காரரின் கிரியோல், ஸ்பானிஷ், தமிழ் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனோம். யாருக்காவது ஏதாவது நடந்தால் ஓடிப்போய் விரலை வைத்துக் காட்டினால் போதும். பட்டறையில் புதிதாக ஒரு லத்வியாக்காரி சேர்ந்ததால்தான் இன்னொரு நிரல் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் என் கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்போது என் வலது மணிக்கட்டு நோகத் தொடங்கிக் கொஞ்சக் காலமாகியிருந்தது. முதலில் தேங்காய் துருவும்போது நொந்தது. பிறகு காரின் கதவைத் திறக்கும்போது. பிறகு தலை வாரும்போதே நொந்தது. இரத்தம் கிடையாது, வீக்கமும் பெரிதாக இல்லை. பெருவிரல் பக்கமாக உள்ளே ஏதோ நறநறவென்று உரசும், அவ்வளவுதான். வெளியே சொன்னால் யன்னலோர இயந்திரத்திலிருந்து எழுப்பிப் பெட்டி ஒட்டும் மேசையில் இருத்திவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் கை போய்விடும். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மட்டும் மறைக்க முடியவில்லை. வில்லரேயில் எங்கள் வீட்டுச் சமையலறை ஒரு ஆள் திரும்பினால் மற்ற ஆள் இடிபடும் அளவுதான். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"கையைக் காட்டும் பாப்பம்" என்றார் ஒரு நாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலோ இடக்கையால கறி கிளறுறீர்?"

"எனக்கு ரெண்டு கையும் ஒண்டுதான். நீங்கள் போய் ரிவியைப் பாருங்கோ."

அவர் போகவில்லை. கறியை வாங்கித் தானே கிளறினார். அடிப்பிடித்துவிட்டது.

லத்வியாக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். நெடுத்த மனுஷி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். கர்க்லாண்டில் இருக்கும் மகளோடு வந்து தங்கியவள். அங்கிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி ஏறி வந்தாலும், பட்டறைக் கதவு திறக்குமுன் வாசலில் நிற்பவள் அவள்தான். பிரெஞ்சில் 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டும் தெரியும். கம்பியை எல்லோரும் வலக்கையால் நடத்த அவள் இடக்கையால் நடத்தினாள். மெதுவாகத்தான் சுற்றுவாள், ஆனால் பிழைபிடிக்க ஒன்றும் இருக்காது. அவளை இடக்கைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய வலது மணிக்கட்டில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தது.

கையில் நூலைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு யோசனை வராது. கேதாரகௌரி விரதத்துக்குக் காப்புக் கட்டிய கையை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். என் கையே எத்தனை தரம் கட்டியிருக்கிறது. பெண்கள் இடக்கையில் கட்டுவோம், இவள் வலக்கையில் கட்டியிருந்தாள். அவர்களுடைய ஊரில் பக்கம் மாறியிருக்கும் என்று நானே தீர்த்துக்கொண்டேன். என்ன சாமி, என்ன நேர்த்தி என்பதெல்லாம் அவளுடைய பாடு. காப்பு இருக்கும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் படக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோம். என் மட்டன் ரோல்ஸுக்கு அங்கே ஒரு கூட்டமே உண்டு. லத்வியாக்காரி வந்த முதல் வெள்ளியே அந்தப் பெட்டியை அவளுக்கு எட்டாத பக்கமாகத் தள்ளிவைத்து, அவளுக்கென்று உளுந்து வடையை எடுத்து நீட்டினேன். ஹெயிட்டிக்காரி ஒருத்தி பொரித்த கோழியை அவளிடம் கொண்டுபோனபோது நடுவில் புகுந்து, "வேண்டாம், அவள் பிரார்த்தனையில் இருக்கிறாள்" என்று சொல்லி வைத்தேன். அது பட்டறை முழுவதும் பரவிவிட்டது. எல்லோரும் அவளை மரியாதையாகப் பார்த்தார்கள். அவள் ரோல்ஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு வடையைச் சாப்பிட்டாள். வாரங்கள் போயின, காப்பு அவிழவில்லை. எங்களுடைய விரதங்களுக்காவது ஒரு முடிவு இருக்கிறது, இந்தப் பெண்ணின் மன உறுதியே உறுதி என்று கணவரிடமும் சொன்னேன்.

மொழிபெயர்ப்பு வேலை சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. என் கைபேசி ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு லத்வியச் சொல்லைத் தரும். நான் அதை அவளுக்குக் காட்டுவேன். அவள் புருவத்தைச் சுருக்கினால் அந்தச் சொல் சரியில்லை. பிறகு நடிப்புத்தான். எரிகாயத்துக்கு, ஈயம் பற்றவைக்கும் சோல்டர் கம்பியைச் சூடில்லாமல் தொட்டுத் துள்ளிக் காட்டினேன். விரல் நசுங்கியதற்கு மேசை லாச்சியை இழுத்து அதற்குள் விரலை விட்டு முகத்தைக் கோணினேன். அவள் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரு சொல் சொல்வாள். காயத்துக்கு 'புரூட்சே' என்றாள். நான் பார்த்து எழுதியதில் எழுத்தின் மேல் இருந்த கோடு ஒன்று விட்டுப்போயிருந்தது. அவள் பேனையை வாங்கி அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு விட்டாள். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இப்படித் திருத்தியதில்லை. எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

சுற்றும் சொற்களில் அவள் இன்னும் கறார். 'சுற்று' என்று கையைச் சுழற்றிக் காட்டினால், எதை, எதில் என்று கையாலேயே கேட்டாள். கம்பியைப் பொபின் உருளையில் சுற்றுவதற்கு ஒன்று, சுற்றியதைக் கழற்றுவதற்கு ஒன்று, கம்பளி நூலை உருண்டையாகச் சுற்ற ஒன்று, பிள்ளையைத் துணியால் சுற்ற ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் 'தீத்' என்ற சத்தம் இருந்தது. பிள்ளையும் உருண்டையும் பலகைக்குத் தேவையில்லை என்று எவ்வளவோ சொன்னேன், நான் தமிழில், அவள் லத்வியத்தில். இரண்டு பேருக்கும் விளங்கியது. ஆனாலும் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் வடையைக் கடித்தாள்.

நோவுக்கு என்ன சொல் என்று கேட்ட அன்று, நூல் கட்டிய தன் வலது மணிக்கட்டைப் பிடித்து முகத்தைச் சுளித்து, "சாப்" என்றாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்து எழுதிக்கொண்டேன். பிறகு என் மணிக்கட்டைக் காட்டி, கேள்வியாக, "சாப்?" என்றாள்.

"ஒண்டுமில்லை" என்றேன், தலையையும் ஆட்டி.

அவள் "நெக்கஸ்" என்று சொல்லிச் சிரித்தாள். கைபேசியில் தேடிப் பார்த்தால் அதற்கும் 'ஒன்றுமில்லை' என்றுதான் வந்தது. நான் பேச்சை மாற்றிக் கண்ணில் பட்ட கம்பித் துண்டுக்குப் போனேன்.

நத்தார், புதுவருட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு எல்லாச் சாப்பாட்டையும் பரப்பியிருந்தோம். நான் மற்றவர்களோடு கதைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் லத்வியாக்காரியின் கை நேராக மட்டன் ரோல்ஸ் பெட்டிக்குள் போவதைக் கண்டேன். இத்தனை நாள் காத்த விரதம் என் ரோல்ஸால் அல்லவா கெடப்போகிறது. பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தேன். பிடித்தது என் வலக்கை. மணிக்கட்டுக்குள் சுரீரென்று வெட்டியது. கை தானாக விட்டுவிட்டது, ரோல்ஸ் நிலத்தில் விழுந்தது.

அவள் ரோல்ஸைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். நான் இடக்கையால் கைபேசியை எடுத்து, "அது இறைச்சி. உன் விரதம் கெட்டுவிடும்" என்று எழுதி லத்வியத்தில் காட்டினேன். அவள் வாசித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தாள். பிறகு கைபேசியை வாங்கி நெடுநேரம் தட்டினாள். ஆங்கிலத்தில் வந்ததை என் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"என்ன விரதம்? எனக்கு இறைச்சி என்றால் உயிர். நீ எனக்கு மட்டும் தராமல் ஒளிப்பதால் என்னில் ஏதோ கோபம் என்று நினைத்தேன். இந்த நூல் கடவுளுக்கு இல்லை, கைக்கு. வேலை செய்து செய்து மணிக்கட்டு நறநறத்தால் எங்கள் ஊரில் சிவப்புக் கம்பளி நூலை முடிச்சுப் போட்டுக் கட்டுவோம்."

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த ஹெயிட்டிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெட்டியோடு தூக்கி லத்வியாக்காரியின் முன்னால் வைத்தேன். அவள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், சாப்பிட்டாள். இத்தனை வாரத்துக் கணக்கையும் அன்றே தீர்த்தாள் என்று நினைக்கிறேன்.

கையைத் துடைத்த பிறகு அவள் தன் வலது சட்டைக்கையை மேலே இழுத்தாள். நூலுக்குச் சற்று மேலே ஒரு பழைய தழும்பு, வெட்டித் தைத்தது. அவளும் அங்கே இளவயதில் ஒரு தொழிற்சாலையில் கொயில் சுற்றியவளாம். யார் கேட்டாலும் 'நெக்கஸ்' என்று சொல்லிக்கொண்டே சுற்றியிருக்கிறாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் வெட்டிச் சரிபார்த்தார்கள். வெட்டியும் பெருவிரலுக்குப் பழைய பலம் திரும்பவில்லை. பிறகுதான் இடக்கையைப் பழக்கினாள். இதையெல்லாம் கைபேசியில் தட்டிக் காட்டிவிட்டு, கேட்காமலே என் வலக்கையை எடுத்து, பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, முழுக் கையையும் மெதுவாகச் சின்னவிரல் பக்கம் சாய்த்தாள்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சாப்?" என்றாள்.

"சாப்" என்றேன்.

தமிழில் கணவரிடம் சொல்லவில்லை, பிரெஞ்சில் முதலாளியிடம் சொல்லவில்லை. தெரியாத மொழியில்தான் அது முதலில் வாயால் வந்தது. சொன்னதும் பயம் பிடித்தது. இனி யன்னலோர இயந்திரம் இல்லை, பெட்டி ஒட்டும் மேசைதான் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். அவளோ தன் பையிலிருந்து சிவப்பு நூல் உருண்டை ஒன்றை எடுத்து, என் மணிக்கட்டைச் சுற்றி, முடிச்சு முடிச்சாகக் கட்டத் தொடங்கினாள். கட்டி முடித்த பிறகு கைபேசியில் ஒரு வரி எழுதினாள்: "நூல் சுகப்படுத்தாது, வைத்தியரிடம் போ."

வீட்டுக்குப் போய்க் கையுறையைக் கழற்றியதும் கணவர் கண்டுவிட்டார்.

"எப்ப காப்புக் கட்டினனீர்? எனக்குச் சொல்லவேயில்லை."

"லத்வியாக்காரி கட்டிவிட்டவ."

"அப்ப வீட்டில மச்சம் இல்லையோ?"

"மச்சம் சாப்பிடலாம். தேங்காய்தான் துருவக் கூடாது. இந்தக் காப்பு இருக்குமட்டும் நீங்கள்தான் துருவவேணும்."

அவர் என் கையை வாங்கி நூலைத் தடவிப் பார்த்தார். "நோகுதெண்டு சொல்லுறதுக்கு இவ்வளவு நாளோ?" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் தேங்காயைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

விடுமுறை முடிந்து போன முதல் நாள், லத்விய நிரலைப் பலகையில் எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கோடுகளை அவள் போட்டாள். முடிந்தது என்று நான் பேனையை மூடியபோது அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். காயச் சொற்களின் பாதிக்கும் சுற்றும் சொற்களின் பாதிக்கும் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீளமாக ஒரு கோடு இழுத்தாள். அதன் கீழே லத்விய நிரலில் ஏதோ எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினாள். கைபேசியைப் பிடித்துப் பார்த்தேன். 'சுற்றுவதால் வரும் நோவு' என்று வந்தது.

இடப்பக்கத்தில் காயங்கள், வலப்பக்கத்தில் வேலை. நானே பார்த்துப் பார்த்து எழுதிய பலகை அது. இது அதில் இல்லை என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தமிழ் நிரலுக்கு நேரே 'சுத்திச் சுத்தி வந்த நோ' என்று எழுதினேன். எழுதவே நொந்தது.

பத்ரோன் கோப்பியோடு வந்தார். புதுச் சொற்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கீழே வந்த அந்த வரியில் விரலை வைத்து, "இது என்ன? தலைமை அலுவலகம் அனுப்பியதில் இது இல்லையே" என்றார். ஆங்கில இடமும் பிரெஞ்சு இடமும் அதில் வெறுமையாக இருந்தன. லத்வியாக்காரிக்குப் பதில் சொல்லும் அளவு பிரெஞ்சு இல்லை. நான் 'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருந்தால் அவர் துணியால் துடைத்துவிட்டுப் போயிருப்பார். வாய்வரை அதுதான் வந்தது.

"சுற்றிச் சுற்றிக் கையில் வருகிற நோவு" என்றேன் பிரெஞ்சில்.

"யாருக்கு இருக்கிறது?"

நான் கையைத் தூக்கினேன். சட்டைக்கை வழுக்கிச் சிவப்பு நூல் வெளியே தெரிந்தது. "உனக்கா?" என்றார், நம்ப முடியாதவர் மாதிரி. அதற்கு மேல் அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை என் தலைக்கு மேலால் போய்ப் பின்னால் ஒவ்வொரு மேசையாக நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். கோழி கொண்டுவரும் ஹெயிட்டிக்காரி கையைத் தூக்கியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தூக்கியிருந்தாள். என் கொயில்களைப் பார்க்காமலே அனுப்பும் பரிசோதனை மேசைக்காரரும் தூக்கியிருந்தார். எல்லாம் வலக்கை.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் யாரும் நாள் முழுக்க ஒரே இயந்திரத்தில் இருப்பதில்லை. மத்தியானத்தோடு இடம் மாறுவோம். நான் வைத்தியரிடம் போனேன், கைக்குப் பட்டி போட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. யன்னலோர இயந்திரம் பாதி நாள் எனக்கு, பாதி நாள் லத்வியாக்காரிக்கு. அவள் அதில் இருந்து இடக்கையால் சுற்றும்போது எனக்கு இன்னும் வயிறு எரியும். அவளுக்கும் அது தெரியும்.

நாங்கள் கையைத் தூக்கிய அன்று பின்னேரம் வேலை முடிந்து எல்லோரும் அவளுடைய மேசையைச் சூழ்ந்து நின்றோம். அவள் நூலை வெட்டி வெட்டி ஒவ்வொருவர் கையிலும் கட்டினாள். உருண்டை சின்னதாகிக்கொண்டே வந்தது. ஆட்கள் மேலங்கியை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார்கள். கடைசியாக நானும் அவளும் விளக்கை அணைக்கப் போன நேரம் பத்ரோன் அலுவலக அறையிலிருந்து வந்தார். கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, வலக்கையை நீட்டினார்.

"சாப்?" என்று கேட்டாள் லத்வியாக்காரி.

"இல்லை, இல்லை, ஒன்றுமில்லை" என்றார் அவர் பிரெஞ்சில்.

அவள் மிச்சமிருந்த நூலை அவருடைய மணிக்கட்டில் சுற்றத் தொடங்கினாள்.